பொறுமை யாருடைய அறம்?

நம் சமூகத்தில் பெண்ணுக்குச் சூட்டப்படும் புகழ்மாலைகள் பல. அவற்றுள் தலையாயது பொறுமை என்பதாகும். "அவள் பூமாதேவியைப் போன்றவள்; என்ன வந்தாலும் வாய் திறவாள்" என்று ஒருத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவளுக்குச் செய்ய வேண்டிய மரியாதை ஒன்றுமில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குக் கூறும் புத்திமதியும் இதுவே. சாவு வீட்டில் இறந்தவளைக் குறித்துக் கூறும் புகழுரையும் இதுவே. இவ்விரண்டு வீடுகளுக்கும் இடைப்பட்ட முப்பது நாற்பது ஆண்டுகளில் அவள் உள்ளம் என்ன பாடுபட்டது என்று கேட்டவர் யார்? அந்தக் கேள்வியைக் கேளாமல் தப்பித்துக்கொள்வதற்கே அந்தப் புகழ் நமக்கு உதவுகிறதோ என்பதுதான் ஈண்டு ஆராய வேண்டிய விஷயம்.

பொறுமை ஓர் அறமே, அதனை மறுப்பாரில்லை. வள்ளுவர் பொறையுடைமை என்று தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும் அதனை அவர் பெண்ணுக்கென்று ஒதுக்கி வைத்தாரல்லர். இல்லறம் நடத்தும் அனைவர்க்கும் பொதுவாகவே வைத்தார். மேலும், பொறுத்தலாவது திருப்பிச் செய்ய வல்லவன் செய்யாதிருத்தல் அன்றோ? கையில் வலிமை இருந்தும் ஓங்காதவன் பொறுமையாளன். கை கட்டப்பட்டவன் ஓங்காதிருந்தால் அதனைப் பொறுமை என்று அறிவுடையோர் கூறார்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெண்ணைப் பாருங்கள். அவள் வாய் திறந்தால் கேட்பாரில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பினால், "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று மறுநாளே கொண்டுவந்து விடுகிறார்கள். தனித்து வாழக் கையில் காசில்லை; காசிருந்தால் ஊர்வாய் விடுவதில்லை. இந்நிலையில் அவள் மௌனமாயிருப்பது அறமன்று, வழியின்மை. வழியின்மையை அறமென்று போற்றுவது, சோறின்றிக் கிடப்பவனைப் பார்த்து, "ஆகா, என்ன கடுமையான விரதம்!" என்று வியப்பதை ஒக்கும்.

நம் மலாக்கா மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1896-ம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீனத் தனவந்தர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வியாபார முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கியது அக்காலத்தில்தான். பின்னர் ஜாசினும், அலோர் காஜாவும், சிம்பாங் அம்பாட்டைச் சூழ்ந்த பக்கங்களும் பால்மரக் காடுகளாயின. நம் முன்னோர் அக்காடுகளில் குடியேறினர். தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாள் எப்படிப்பட்டது? விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதற்கும் முன்னே எழுந்து உலை வைக்க வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பால் வெட்டவோ புல் வெட்டவோ போக வேண்டும். மார்பில் பால் கட்டினாலும் மரத்துப் பால் வாளியில் நிறைய வேண்டும். மாலையில் லயத்துக்குத் திரும்பினால் அங்கே இரண்டாவது வேலை காத்திருக்கும். கள்ளுக்கடையிலிருந்து கணவன் எந்த நிலையில் வருவானோ என்ற அச்சமும் காத்திருக்கும். 1920-களின் பிற்பகுதியில் ஆணுக்கு 50 காசு நாட்கூலி என்று விதித்த இடங்களில் பெண்ணுக்கு 40 காசு என்றே விதித்தார்கள். கூலியில் குறைத்தவர்கள் அவளிடம் எதிர்பார்த்த பொறுமையில் மட்டும் ஒரு காசும் குறைக்கவில்லை.

1942, 1943-ம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் பர்மா ரயில் பாதைக்காகத் தோட்டத்து ஆடவர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோயினர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. லயத்தில் காத்திருந்தவள் நிலை என்ன? போனவன் இருக்கிறானா, இறந்தானா என்ற செய்தி இல்லை. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா என்று சொல்வாரில்லை. அழவும் உரிமையில்லாத துக்கம் அது. தோட்டத்துச் செக்ரோலில் அவள் வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு கோடு விழுந்தது. அவள் மனத்துக்கு அதில் இடமில்லை. மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள் என்பதனால், "தாங்கிக்கொண்டாள்" என்று நாம் எழுதி வைத்துவிட்டோம்.

உடம்புக்கு நோய் வருவது போலவே மனத்துக்கும் நோய் வரும் என்பது இன்று ஐயத்துக்கு இடமான விஷயமன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தீராத மனச்சோர்வு, எதிலும் விருப்பமின்மை, உறக்கங் கெடுதல், உணவில் வெறுப்பு, தான் எதற்கும் உதவாதவள் என்னும் எண்ணம், இருந்து என்ன பயன் என்னும் நினைவு ஆகிய இவை ஒருங்கே வந்தால் அதனை வைத்தியர்கள் மனச்சோர்வு நோய் என்கின்றனர். இந்நோய் ஆண்களைக் காட்டிலும் பெண்களிடத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிள்ளைப்பேற்றுக் காலத்தைப் பற்றியும் அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. கர்ப்பிணிகளில் பத்துப் பேரில் ஒருத்திக்கும், பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கும் ஏதேனும் ஒரு மனநோய் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி இந்தச் சோர்வு நோயே. வளரும் நாடுகளில் பிள்ளை பெற்றவர்களிடையே இக்கணக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 20 ஆக உயர்கிறது. ஐந்து தொட்டில்கள் ஆடும் இடத்தில் ஒரு தாய் உள்ளுக்குள் ஒடிந்துகொண்டிருக்கிறாள் என்பதே இதன் பொருள்.

இது பெண் புத்தி பலவீனமானது என்பதைக் காட்டவில்லையா என்று கேட்பார் உளர். பிரசவத்தில் தேகத்தின் சுரப்புகள் ஒரே வாரத்தில் தலைகீழாக மாறுகின்றன, இரவெல்லாம் உறக்கமில்லை, இரத்தம் குன்றியிருக்கிறது. அதன்மேல் கடன், வசவு, அடி, பெண் பிறந்தது என்ற முணுமுணுப்பு. இவ்வளவு சுமையை ஏற்றிவிட்டு, வண்டி முறிந்தால் அச்சின் மேல் குற்றம் சொல்வது என்ன நியாயம்? பெண்ணின் மனம் பலவீனமானதாயின், 1943-ல் கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டத்துப் பெண்கள் எவ்வாறு சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள்? பலமுள்ளவருக்கும் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தது கொண்டு அவரைக் கோழை என்பாரில்லை.

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ச் சொல்லுக்கு நாற்சந்தி என்பது பொருள். மனம் நொந்த பெண் நிற்பதும் ஒரு நாற்சந்தியிலேதான். அவளுக்கு முன்னே உள்ள நான்கு பாதைகளில் மூன்றில் கூட்டம் மிகுதி. நான்காவதில் நடப்பவர் சிலரே.

முதற்பாதை அலட்சியம். நம் பெண்கள், "என் மனம் சரியில்லை" என்று சொல்லிப் பழகியவர்கள் அல்லர். "தலை வலிக்கிறது, நெஞ்சை அடைக்கிறது, கை கால் எரிகிறது, உடம்பெல்லாம் அசதி" என்றே சொல்வார்கள். மனத்தின் புகாரை உடம்பின் வாயால் சொல்லும் பாஷை அது. அன்று தோட்டத்து டிரசரும் இன்று கடைக்காரரும் இரண்டு பனடோல் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சோதனை செய்து ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால், வீட்டார், "வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்பது, வேறெங்கோ ஒன்று இருக்கிறது என்பதற்கு அறிகுறி ஆகாதா?

இரண்டாம் பாதை பேயோட்டியிடம் செல்வது. பேயென்பது இல்லை என்று சீர்திருத்தம் பேசுவோர் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வந்திருக்கின்றனர், அது வேண்டியதே. எனினும் அந்தக் காட்சியைச் சற்றே உற்றுப் பார்க்க வேண்டும். தலைவிரி கோலமாக ஒருத்தி ஆடும்போது ஊர் கூடி நின்று, "நீ யார்? உனக்கு என்ன குறை? என்ன வேண்டும்?" என்று வினவுகிறது. அவள் மருமகளாக, மனைவியாக, தாயாக இருந்த நாளில் இந்த மூன்று கேள்விகளில் ஒன்றையேனும் எவரேனும் கேட்டதுண்டா? பேய்க்குக் கிடைக்கும் செவி பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. மாமியாரை ஏசவும் கணவனை அதட்டவும் பேய்க்கு உள்ள சுதந்திரம் அவளுக்கு இல்லை.

இது நம்மவரிடத்து மட்டும் காணும் விஷயமன்று. 1970-களில் சிலாங்கூர் மாநிலத்துக் கோல லங்காட்டில் எழுந்த புதிய தொழிற்சாலைகளில் வேலை செய்த மலாய்ப் பெண்கள் இயந்திரங்களின் நடுவே திடீரென அலறி விழுந்தார்கள். நிர்வாகத்தார் பொமோவை அழைத்துச் சடங்கு செய்வித்தனர். மானிடவியல் அறிஞர் ஐவா ஓங் அம்மையார் இதனை நேரில் ஆராய்ந்து 1987-ல் ஒரு நூல் வெளியிட்டார். இடைவிடாத மேற்பார்வையும் முறை மாறும் வேலையும் நெருக்கியபோது, நேரே சொல்ல இயலாத எதிர்ப்பே பேயின் வாயால் வெளிவந்தது என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே, பேயில்லை என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. பேயைத் துரத்திவிட்டுப் பெண்ணின் குரலைக் கேளாமல் விட்டால், அவளுக்கு எஞ்சியிருந்த ஒரே வாயையும் அடைத்தவர்களாவோம். பேயை நம்பியவனாவது கேள்வி கேட்டான். நம்பாதவன் அதனினும் நன்றாகக் கேட்க வேண்டாமா?

மூன்றாம் பாதை பூட்டி வைத்தல். 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, தமிழ்நாட்டு இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஒரு கூரைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் சிக்கி மாண்டனர். தீ வந்தது தெரிந்தும் அவர்களால் ஓட முடியவில்லை. குணமாகும் என்ற நம்பிக்கையில் வீட்டாரே கொண்டுவந்து விட்டுப் போன மக்கள் அவர்கள். நம் நாட்டிலோ, பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ல் மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதன் இன்றைய பெயரில் உள்ள பஹாகியா என்னும் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். ஆனால் நம் வாயில் அந்த ஊர்ப் பெயரே ஏச்சாகிவிட்டது. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அச்சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கும் பெண் தன் துயரத்தை எப்படி வெளியிடுவாள்?

நோயுற்ற ஆணுக்கும் நோயுற்ற பெண்ணுக்கும் சமூகம் ஒரே நீதி வழங்குவதுமில்லை. கணவன் மனநோய்ப்பட்டால் மனைவி அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மனைவி மனநோய்ப்பட்டால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் தாராவும் அவருடைய துணைவர்களும் இவ்வாறு மணவாழ்வு முறிந்த பெண்களை ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள். மனநோய்க்காரி என்ற பழியைக் காட்டிலும், கணவன் விட்டுவிட்டவள் என்ற பழியே அப்பெண்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் மிகுதியாக வருத்தியது என்று அவர்கள் கண்டனர். நோய் ஒன்று, அதன்மேல் ஊர் ஏற்றி வைத்த நோய் இன்னொன்று. முன்னதற்கு மருந்துண்டு, பின்னதற்கு மருந்து நம் நாவிலும் நடத்தையிலும் உள்ளது.

"எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்றாள், பால்மரமும் வெட்டினாள். அவளுக்கு இந்தச் சோர்வு நோயெல்லாம் வந்ததா? இதெல்லாம் படித்த பெண்களின் புது நாகரிகம்" என்று சொல்வார் உண்டு. பாட்டியைக் கேட்டவர் யார் என்பதே நம் மறுமொழி. பல நாள் பேசாமல் கிடந்தவளை, "காற்றுக் கருப்பு" என்றோம். கிணற்றடியில் வெறித்து உட்கார்ந்திருந்தவளை, "அவள் எப்போதும் அப்படித்தான்" என்றோம். பெயர் வைக்காததால் நோய் இல்லையென்று ஆகாது. மற்றொன்றும் உண்டு. லயத்து வாழ்வில் ஆயிரம் குறையிருந்தும், சுவருக்கு அப்பால் ஒருத்தி இருந்தாள். குழாயடியில் குடம் நிறையும் நேரத்தில் நெஞ்சு கொஞ்சம் குறைந்தது. 1980-களுக்குப் பின் தோட்டங்கள் பல விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. மக்கள் டவுன் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். இன்று தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துத் திரும்பும் பெண் கதவைச் சாத்திக்கொண்டால், அடுத்த வீட்டில் இருப்பவர் யாரென்றும் அறியாள். பாட்டிக்கு இருந்த சுமை பெரும்பாலும் இவளுக்கும் இருக்கிறது. பாட்டிக்கு இருந்த குழாயடி இவளுக்கு இல்லை.

"ஆண்களுக்குத் துயரமில்லையா?" என்பது அடுத்த கேள்வி. உண்டு. அழக்கூடாது என்று கற்பிக்கப்பட்ட ஆண் தன் துயரத்தைப் புட்டியில் ஊற்றிக் குடிக்கிறான். அது திரும்பி வந்து அவன் மனைவியின் மேல் விழுகிறது. ஆகையால் பெண்ணின் மனத்தைப் பேணுதல் ஆணுக்கு விரோதமான காரியமன்று. சொல்லவும் கேட்கவும் அறிந்த வீட்டில் இருவருமே பிழைப்பார்கள்.

இனி நான்காம் பாதைக்கு வருவோம். அது கேட்டல். கேட்பதனால் நோய் தீருமா என்று நகைக்க வேண்டா. பாகிஸ்தானத்து ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் அதிஃப் ரகுமானும் அவர் துணைவர்களும் ஒரு சோதனை நடத்தி 2008-ல் அதன் முடிவை வெளியிட்டனர். மனநோய் வைத்தியர்கள் எட்டாத அக்கிராமங்களில், பள்ளிப்படிப்பு மட்டுமே உள்ள சுகாதார ஊழியப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, சோர்வு நோயுற்ற கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். தவறான எண்ணங்களை மெல்ல மாற்றப் பழக்கினார்கள். வீட்டாரையும் துணைக்கு அழைத்தார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதமானபின் பார்த்தபோது, இவ்வுதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கே நோய் எஞ்சியிருந்தது. பெறாதவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இருந்தது. ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006-ல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மரப்பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். வருகிறவள் தன் குறையைச் சொல்வாள், பாட்டி கேட்பாள், இருவரும் சேர்ந்து ஒரு வழி தேடுவார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் பெஞ்சில் பேசியவர்களுக்கு நோய்க்குறிகள் குறைந்தன என்று 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சி மெய்ப்பித்தது. சென்னையில் 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இரண்டு இளம்பெண்கள், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்கென்று பேனியன் என்னும் அடைக்கல இல்லம் தொடங்கினார்கள். பைத்தியக்காரி என்று கல்லெறியப்பட்டவர்கள் பலர் அங்கே மருந்தும் மரியாதையும் பெற்றுத் தம் வீடு திரும்பினர்.

சிம்பாப்வேயில் உள்ள பாட்டிமார் நம்மிடம் இல்லையா? நம் கோயில்களுக்கு வாசல் இல்லையா? தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் ஆண்டு விழாவோடும் பலகாரத்தோடும் நின்றுவிட வேண்டுமா? மாதத்தில் ஒருநாள், கேட்பதற்கென்றே இரண்டு பேரை அமர்த்தினால் எத்தனை உயிர் மூச்சுவிடும்!

வீட்டிலே செய்ய வேண்டியவை எளியவை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமும் மருந்துப் பொடியும் தவறாமல் கொடுக்கிறோம், அதனோடு, "நேற்று இரவு உறங்கினாயா? மனம் எப்படி இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும். இரவில் குழந்தை அழுதால் தகப்பன் ஒருமுறை எழுந்தால் அவன் ஆண்மை தேய்ந்துவிடாது. சொன்னதை நம்ப வேண்டும். அடுத்த வீட்டில் பரப்பக் கூடாது. இருந்து என்ன பயன் என்று ஒருத்தி சொன்னால், அதை வாய்வார்த்தையென்று தள்ளாமல், தனியே விடாமல், அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். மனநோய்க்கும் அங்கே வைத்தியர் பார்ப்பார், வேண்டுமாயின் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். சுகாதார அமைச்சு 2022-ல் தொடங்கிய 15555 என்னும் தொலைபேசி எண்ணிலும் மனத்துயரைச் சொல்லலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக நிறுத்திய தண்டனைச் சட்டத்துப் பிரிவு 309-ஐ நம் பாராளுமன்றம் 2023-ல் நீக்கிவிட்டது. சட்டமே இரங்கியபின் சுற்றத்தார் இரங்காதிருக்கலாமா?

எல்லாத் துயரமும் கேட்ட மாத்திரத்தில் தீர்ந்துவிடாது. மருந்து வேண்டிய நோய்க்கு மருந்து வேண்டும்; அடிக்கும் கணவனிடமிருந்து காவல் வேண்டும்; கூலி போதாத வீட்டுக்குக் கூலி வேண்டும். ஆனால் எது வேண்டும் என்பதை அறிவதற்கே முதலில் கேட்க வேண்டும். அவள் ஒரே நாளில் சொல்லிவிட மாட்டாள். பல தலைமுறையாக மூடிவைத்த வாய் அது. முதலில் தலைவலி என்பாள். பிறகு ஒன்றுமில்லை என்பாள். சொன்னதையே திரும்பச் சொல்வாள். சில வேளை சினந்தும் பேசுவாள். அப்போது இடைமறியாமலும், புத்தி சொல்லத் துடிக்காமலும், கைக்கடிகாரத்தைப் பாராமலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு பொறுமை வேண்டும்.

அன்பர்களே, எழுந்து போகக் கூடியவன் எழாமல் அமர்ந்திருப்பதே உண்மையான பொறுமை. இதுகாறும் அதனைப் பெண்ணிடமே கேட்டு வாங்கினோம். அது கணவனும், மாமியாரும், மகனும், அண்டை அயலாரும் பழக வேண்டிய அறம்.